போன் வயர் நுழையாத பெட்டி

மோகன்குமார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஐந்து ஓட்டைகள். சுவரிலிருந்து வந்த டெலிபோன் வயரின் முனை எதிலும் நிற்கவில்லை. மணி இரண்டே கால்.

நாலு மணிக்கு அவன் மனைவி பொற்கொடிக்குப் பரீட்சை. அமெரிக்க டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை. ஒரு மணி நேரம் இன்டர்நெட் அறுந்துபோகாமல் நின்றால்தான் எடுப்பார்கள்; மறுவாய்ப்பு கிடையாது. தொழிற்சாலை நைட் ஷிப்டை உதறிவிட்டு அவன் வீட்டில் உட்கார்ந்து மூன்று மாதம். இது கைநழுவினால் திரும்பவும் அதே பிரஸ் மெஷின்.

போன வாரமே கடைக்காரர் கங்கப்பன், மோடமும் வயர்லெஸ்ஸும் ஒன்றாய்ச் சேர்ந்த பெட்டியைக் காட்டினார். கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டினால் எதுவும் மலிவு என்பது ஓசூரில் யாரும் சந்தேகப்படாத விஷயம். காலையில் பெங்களூர் போய் இரண்டு கொம்பு வைத்த ரூட்டரை வாங்கிவந்தான். அங்கே கேபிள்காரன் வயரை வீட்டுக்குள் கொண்டுவந்து தருகிறான். ரூட்டர் மட்டும் போதும். இங்கே நெட் வருவது போன் வயரில். மோடம் இல்லாமல் அது வெறும் பெட்டி.

பொற்கொடி திட்டவில்லை. ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் பொறுக்கவில்லை. சைக்கிளை எடுத்தான்.

கங்கப்பன் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே வந்தவனின் கையிலிருந்த ரூட்டரைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைய பெங்களூர்ல பாத்துட்டு, பொண்ணு கேட்டு எங்கிட்ட வர்றீங்களா சார்?"

சேர்ந்த பெட்டி விற்றுப்போயிருந்தது. பழைய மோடம் ஒன்றுதான் மிச்சம். அதை எடுத்துக் கொடுத்தார்.

"போனைக் கழட்டிடுங்க. மணி அடிச்சா லைன் போயிடும்."

ரூட்டரை மாட்ட நேரமில்லை; போன் வயரோ உள்ளறை வரை எட்டவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து வாசலறைக் கட்டிலில் வைத்தார்கள். மோடத்தின் பச்சை விளக்கு சிமிட்டியது, அணைந்தது, மறுபடி சிமிட்டியது. மூன்று ஐம்பத்தாறுக்கு அசையாமல் நின்றது.

"வெளிய போயி நில்லுங்க. எதையும் தொடாதீங்க," என்றாள்.

கழற்றிய போனை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். உள்ளே கீபோர்டு சத்தம். அது நின்றபோதெல்லாம் கதவைத் திரும்பிப் பார்த்தான். நாலரைக்கு நெடுநேரம் சத்தமே இல்லை. எழுந்தான், உட்கார்ந்தான். மறுபடி தட்டத் தொடங்கினாள்.

முடிவும் வந்த பிறகு, ஐந்தரைக்குத்தான் கதவைத் திறந்தாள். லைன் அறுபடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள்.

அவன் போனை மாட்டப் போனான்.

"வேணாம். கழட்டியே இருக்கட்டும்," என்றாள். "அவங்களுக்குப் பகலுன்னா நமக்கு ராத்திரியாம். பத்து மணிக்கு உக்காந்தா காலைல ஆறு வரைக்கும் வேலை."

அவன் வயரைச் சுற்றி, போனை அலமாரியில் வைத்தான்.