சின்ன மூஞ்சி

ஸ்ப்ரே அறைக்குள் நுழைந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, மாஸ்க்கின் ஓரங்களில் துணியைத் திணிப்பது. மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு, தாடைக்குக் கீழே ஒன்று. அப்படியும் மாஸ்க் முகத்தில் ஒழுங்காக உட்காராது. அலமாரிக் கதவுக்குப் பாலிஷ் அடிக்கக் குனிந்தால் மூக்கை விட்டு நழுவிவிடும்.

அந்த மரப்பட்டறையில் ஆண்களுக்குத் தச்சு வேலை, பெண்களுக்குப் பாலிஷ் வேலை. மாஸ்க் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. சின்னதாக ஒன்று வேண்டுமென்று அவள் போய்க் கேட்டபோது மேஸ்திரி சிரித்தார்.

"மாஸ்க்ல என்னம்மா குறை? உன் மூஞ்சிதான் சின்னது. துணி கிணி வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பட்டறையே சிரித்தது. அங்கே தச்சராக இருந்த அவள் கணவனும் சேர்ந்து சிரித்தான். "பொண்ணு பாக்கப் போனப்பவே அளவெடுத்திருக்கணும்" என்று தன் பங்குக்கு ஒன்று எடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவளுக்குச் 'சின்ன மூஞ்சி' என்றே பெயர்.

பட்டறையில் துணிக்கு எங்கே போவது? சிந்திய பெயிண்டைத் தின்னர் தொட்டுத் துடைக்கிற பழந்துணிதான் இருந்தது. பாலிஷ் அடிக்கும் பெண்கள் எல்லோரும் அதைத்தான் காயவைத்துக் கிழித்துச் செருகிக்கொண்டார்கள். அந்த நெடி அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. விஷக்காற்றைத் தடுக்க விஷத்தில் ஊறிய துணி! கிறுக்குத்தனம்தான். ஆனால் அவர்களை அந்தக் கிறுக்குத்தனத்தில் தள்ளிவிட்டவர்களுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இருமல் வந்தது. படுத்தால் நெஞ்சில் விசில் அடித்தது. தெருமுனை டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கணவனிடம் விசாரித்தார்.

"வீட்ல விறகு அடுப்பா?"

"கேஸ்தான் டாக்டர்."

"அப்ப ஏதாவது மனக்கவலை இருக்கும். பொம்பளைங்க எல்லாத்தையும் மனசுலயே போட்டு வெச்சுக்குவாங்க."

ஒரு டானிக்கும் சத்து மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே நாற்காலியில் அவன் உட்கார்ந்து இருமியிருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆண் இருமினால் தொழில் காரணம், பெண் இருமினால் அடுப்பு காரணம், இல்லாவிட்டால் மனசு காரணம். என்ன படிப்போ!

ஒருநாள் பாலிஷ் அடித்துக்கொண்டிருந்தவள் மூச்சு கிடைக்காமல் அப்படியே சரிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர்தான் கேட்டார்.

"இவங்க என்ன வேலை பாக்கறாங்க?"

"நான்தாங்க வேலைக்குப் போறேன். இவ சும்மா கூட வர்றா" என்றான் கணவன்.

"சும்மா கூட வந்து என்ன பண்றாங்க?"

அவன் விழித்தான். "பாலிஷ்... ஸ்ப்ரே அடிப்பா."

டாக்டர் மாஸ்க்கைக் கொண்டுவரச் சொன்னார். செருகியிருந்த துணியை எடுத்து முகர்ந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எமன் கைக்குட்டையை மூக்குல கட்டிவிட்ட மாதிரி இருக்குய்யா. மூச்சுக்குழாய் புண்ணாகிக் கிடக்கு. இந்த ஆஸ்துமா இனி ஆயுசுக்கும் கூடவே இருக்கும். ஸ்ப்ரே பக்கமே போகக்கூடாது. சின்ன முகத்துக்குன்னு இதே மாஸ்க் சின்ன சைஸ்ல கடையில கிடைக்குதே, ஏன் வாங்கல?"

கணவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். 

உடம்பு கொஞ்சம் தேறியதும் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். மேஸ்திரி முந்திக்கொண்டார். "தின்னர் துணியைப் போய் யாராவது மூக்குல வைப்பாங்களா? விவரம் இல்லாம நீயா இழுத்துக்கிட்ட வினைம்மா. கம்பெனி என்ன பண்ணும்?"

"வாயை மூடுங்க மேஸ்திரி!" கணவன் போட்ட சத்தத்தில் மரம் இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளிகள் நின்றன. "துணி வைக்கச் சொன்னது நீங்க. கேட்டுட்டுப் பல்லைக் காட்டினது நான். கடையில நல்ல மாஸ்க் தொங்குது, ஒருத்தனும் போய் வாங்கித் தரல. இதுல விவரம் இல்லாதவ அவளா?"

ஸ்ப்ரே அறையிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி தன் மாஸ்க்கிலிருந்த துணியை உருவி மேஸ்திரியின் மேஜைமேல் எறிந்தாள். மற்றவர்களும் எறிந்தார்கள். மேஸ்திரி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சிழுக்க வேண்டியிருந்தது.

"குறை எங்க மூஞ்சில இல்ல மேஸ்திரி. மாஸ்க் வாங்கப் போனப்ப... பொம்பளைக்கும் மூச்சு உண்டுன்னு யாருக்கும் தோணல பாருங்க... அதுதான் குறை. எங்களைக் கணக்குல வெக்காம எதைச் செஞ்சாலும்... அது எங்க உடம்புலதான் வந்து விடியும். எனக்கு விடிஞ்சாச்சு. இவளுகளுக்கு... அளவான மாஸ்க் வர்ற வரைக்கும்... ஒருத்தியும் உள்ள போக மாட்டா."