கை நுழையாத ஜாக்கெட்

விமான நிலையத்தில் செட்ரிக்கை ஏற்றிக்கொண்டேன். முன்சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளியும் அவன் முழங்கால் இடித்தது. கல்லூரி அணியில் என் பக்கத்தில் நின்று ஆடியவன். அதே தோள் இப்போதும். மடியில் ஒரு டப்பா.

"லொரெய்ன் உனக்குன்னு பீச் பழ கேக் குடுத்துவிட்டிருக்கா. மார்வின் அண்ணன்தானே கூப்பிட வச்சாருன்னு அவளுக்கு ஒரே பூரிப்பு."

அவன் மனைவி சொன்னது சரிதான், நேர்காணலுக்குக் கூப்பிட்டது நான்தான். எங்கள் அமெரிக்கப் புட்பால் அணியின் அலுவலகத்தில் கறுப்பன் என்று காட்டிக்கொள்ள நான் ஒருவன் இருக்கிறேன். கறுப்பர்களையும் நேரில் பார்த்துப் பேசாமல் தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கக் கூடாது என்பது லீக் விதி. ஆனால் வேலை போன வாரமே முதலாளியின் சிநேகிதர் மகனுக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரப் பையன், ஒல்லி. பத்திரிகைக்காரர்கள் முன்னால் போட்டுக்கொள்ள அவன் அளவில் அணி ஜாக்கெட்கூட தைத்தாகிவிட்டது. "உன் சிநேகிதனை வரச் சொல்லு, மரியாதையாப் பேசி அனுப்பிடலாம்" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன், மானங்கெட்டவன்.

பாதி வழியில் அவனுக்குப் போன் வந்தது. லூயிசியானாவில் ஒரு கல்லூரி. அங்கே தலைமைப் பயிற்சியாளர் வேலை அவனுக்கு உறுதி, ஆனால் இப்போதே பதில் வேண்டுமாம். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"என்னடா சொல்லட்டும்? நீ உள்ள இருக்கறவன். இங்க எனக்கு நெஜமாவே சான்ஸ் இருக்கா?"

'அதை எடுத்துக்கோ' என்று சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. கூடவே என் நாற்காலியும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"உன்னை மாதிரி டிஃபென்ஸ் சொல்லிக்குடுக்க எவன் இருக்கான்?" என்றேன். பொய் இல்லை, பதிலும் இல்லை.

"மன்னிக்கணும் சார், வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று போனை வைத்துவிட்டான்.

அணி அலுவலகத்தில் அவன் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் காரில் இருந்தேன். கேக் டப்பாவைத் திறந்தேன், மூடினேன். வாயில் வைக்க முடியவில்லை.

பல்லெல்லாம் தெரிய வந்து ஏறினான்.

"அருமையாப் பேசினாங்கடா! மூலையில ஜாக்கெட் ஒண்ணு மாட்டியிருந்துச்சு. போட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். முதலாளி மொகம் ஒரு மாதிரி ஆச்சு, அப்புறம் சரின்னாரு. ஒரு கைகூட நுழையல! 'என்ன சார், சின்னப் பையனுக்குத் தச்ச மாதிரி இருக்கு'ன்னேன். ரூமே சிரிச்சுது. நீதான் பெரிசா தைக்கச் சொல்லணும், என்ன?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படித்தான் வந்ததோ, இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதற்குள் அவன் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டான்.

"லொரெய்ன், லூயிசியானா வேணாம்னுட்டேன். அட, பயப்படாதே. நம்ம மார்வின் இருக்கான்ல."