மார்லிஸின் ஆட்கள்

மார்லிஸ் இறந்த மூன்றாம் நாள், ஊர் வாரப் பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பு எழுதும் வேலை அவள் அண்ணன் ஓர்வில் தலையில் விழுந்தது. செவ்வாய் மதியத்துக்குள் கொடுத்தால்தான் வியாழன் இதழில் வரும். வெள்ளிக்கிழமை அடக்கம்.

பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், படித்த பள்ளி எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள் என்று எழுதினான். விடிகாலையில் ஏதாவது ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால், பிள்ளை இன்னும் தூங்குகிறது என்று கண்டுகொண்டு, அந்தத் தெருவே எழுந்திருக்கும்படி ஹாரன் அடிப்பாள். அதையும் எழுதிவிட்டு, பத்திரிகைக்கு இது வேண்டுமா என்று யோசித்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கல்யாண விவரத்துக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. மார்லிஸின் புருஷன் லைல், மகன் கர்ட்டுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, மாட்டு வைத்தியரிடம் வேலை பார்த்த டார்லா என்பவளோடு போய்விட்டான். அதுவும் வெளியூருக்கு இல்லை. ஊருக்கு வடக்கே ஆறு மைலில் பண்ணை வாங்கிக் குடியேறினார்கள். அன்றிலிருந்து ஓர்வில் அந்த இருவரோடும் பேச்சை நிறுத்தினான். அறுநூறு பேர் இருக்கிற ஊரில் அது லேசான காரியமில்லை. டார்லா கடைக்குள் வந்தால் இவன் ரொட்டியை வைத்துவிட்டு வெளியேறுவான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் லைல் செத்தபோதும் போகவில்லை. மார்லிஸ் ஒருமுறை டார்லா பேச்சை எடுத்தாள். "அவளைப் பத்தி எங்கிட்ட பேசாத" என்றான். அவளும் பிறகு பேசவில்லை.

திங்கட்கிழமை ஃபார்கோ நகரத்திலிருந்து கர்ட் வந்தான். குறிப்பை வாங்கிப் படித்தான்.

"மாமா, டார்லா பேரும் வரணும்."

"எதுக்கு?"

"அம்மாவ எட்டு மாசம் பிஸ்மார்க் ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு நினைச்சீங்க?"

"சர்ச்சுக்காரங்கன்னு சொன்னா."

"டார்லாவும் சர்ச்சுக்குத்தானே போறாங்க."

ஓர்வில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வடக்குச் சாலையில் வண்டியை விட்டான்.

கதவைத் திறந்த டார்லா ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக்கு, முன்கூட்டியே செய்து உறைய வைக்க, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். ஓர்வில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, குறிப்பு எழுதுவதாகவும், அவளுக்கும் தங்கைக்கும் எப்படிப் பழக்கமானது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னான்.

அவள் சொன்ன கதையில் பாதி ஊருக்கே தெரிந்தது. லைல் போன மூன்றாவது குளிர்காலம். பனிப்புயலில் பேருந்து பள்ளத்தில் இறங்கிவிட்டது. உள்ளே பதினோரு பிள்ளைகள், அதில் கர்ட்டும் ஒருவன். மார்லிஸ் அவர்களைக் கயிற்றில் கோத்து, வேலிக்கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்த ஒரே வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். அது லைலின் வீடு. லைல் டவுனில் மாட்டிக்கொண்டிருந்தான். டார்லா மட்டும் இருந்தாள்.

"கதவத் திறந்தேன். 'பதினோரு பேரு இருக்காங்க, சூடா என்ன இருக்கு?'ன்னு கேட்டா. என் பேரச் சொல்லிக்கூடக் கூப்பிடல."

இரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள். லைலின் கம்பளிச் சாக்ஸ் அத்தனையும் பிள்ளைகளின் கால்களுக்குப் போயின. முதல் நாள் முழுக்க இரண்டு பெண்களும் சமையலைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. இரண்டாம் நாள், பிள்ளைகள் சீட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது, தான் செய்தது தப்பு என்று டார்லா சொல்ல ஆரம்பித்தாள். மார்லிஸ் கையைக் காட்டி நிறுத்தி, அந்த வாணலியைக் கழுவு என்றாளாம்.

"மூணாம் நாள் நீங்க டிராக்டரோட வந்தீங்க. கீழ இறங்கவே இல்ல."

"ஞாபகம் இருக்கு."

"அடுத்த வாரம் சாக்ஸ் எல்லாம் துவைச்சு எடுத்துட்டு வந்தா. உக்காந்தா. அதுக்கப்புறம் புதன்கிழமை தோறும் வந்தா, அவ்வளவுதான்."

லைலுக்குப் பக்கவாதம் வந்த வருடம் மார்லிஸ்தான் அவனைத் தூக்கிப் பிடிக்க உதவினாள் என்பதும் அப்போதுதான் ஓர்விலுக்குத் தெரிந்தது. முப்பத்தோரு வருடப் புதன்கிழமைகள். அத்தனையிலும் தங்கை என்ன பேசினாள், எதற்குச் சிரித்தாள் என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாயை மூடச் சொன்னது அவன்தான்.

"உங்கள மன்னிச்சாளா?" என்று கேட்டான்.

"நான் கேட்டதில்ல. கேட்டா உள்ளதச் சொல்லிருவா. அந்தப் பயம்தான்."

இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டு அவளே சொன்னாள். "நீங்க கோவமா இருந்தது அவளுக்கு ஒண்ணும் வருத்தமில்ல. 'எனக்கும் சேத்து எங்க அண்ணன் கோவப்பட்டுக்கறான், எனக்கு ஒரு வேலை மிச்சம்'னு சொல்லுவா."

ஓர்வில் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். கண் கலங்கியது. டார்லா சீவுவதை நிறுத்தவில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் குறிப்பை முடித்தான். குடும்பத்தார் வரிசையில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், அதற்கடுத்து டார்லா, கடைசியில் தன் பெயர். பத்திரிகை ஆபீசில் இருந்த பெண், டார்லாவை நண்பர்கள் வரிசையில் போடட்டுமா என்று கேட்டாள். எழுதினபடியே போடச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை சர்ச்சு நிறைந்திருந்தது. பாதிப் பேர் பேருந்தில் வந்த பிள்ளைகள், இப்போது தாடியும் தொந்தியுமாக. டார்லா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஓர்வில் எழுந்து, நடைபாதை முழுக்க நடந்து அவளிடம் போனான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்னாடி வா. அங்க இடம் இருக்கு."

அவள் தயங்கினாள். அவன் நகரவில்லை. பிறகு எழுந்து வந்தாள். கர்ட் நகர்ந்து இடம் விட்டான்.

இடுகாட்டில் காற்று பலமாக இருந்ததால் பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார். திரும்பும்போது கர்ட் பத்திரிகையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். மார்லிஸுக்கு எழுபது வயது. எழுபத்தொன்று என்று அச்சாகியிருந்தது.

"இத மட்டும் அவ பாத்திருந்தா, ஆபீசு வாசல்ல பஸ்ஸ நிறுத்தி ஹாரன் அடிச்சிருப்பா" என்றாள் டார்லா.

ஓர்வில் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். சனிக்கிழமை ஆபீஸ் திறக்காது. திங்கட்கிழமை காலையில் போய், வயதைத் திருத்திப் போடச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான்.