பத்து வருஷத்துக்கு நாலு குறைச்சல்

கல்கத்தாவில், பவானிபூரில் இருக்கும் அந்தச் சர்க்கார் ஆபீஸுக்கு ஜம்புநாதன் போவது இது நாலாவது தடவை. மகள் சாதனா நீட்டில் நல்ல மார்க்தான். அகில இந்திய ஒதுக்கீடு மயிரிழையில் கை நழுவிவிட்டது. மாநில ஒதுக்கீட்டில் டாக்டர் சீட் நிச்சயம். ஆனால் எந்த மாநிலத்துப் பெண் என்று நாளை மாலை ஐந்துக்குள் சான்றிதழ் காட்டியாக வேண்டும்.

"பத்து வருஷம் இங்க இருந்திருக்கணும், தாதா. உங்களுக்கு ஆறுதான் ஆகுது," என்றார் குமாஸ்தா, வெளியூர்க்காரரிடம் பேசும் இந்தியில், அண்ணன் முறை வைத்து, ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையில்தான் ஜம்புநாதனுக்கு இன்னும் எரிந்தது.

சரி, சொந்த ஊர்ச் சான்றிதழ்? அதற்கும் வழியில்லை. ராணுவக் கிடங்கு உத்தியோகம். புனே, ஜபல்பூர், கல்கத்தா என்று மாற்றல். மாற்றலில் போகிறவர்கள் எல்லாரும் ஊர் ரேஷன் கார்டில் பேரை அப்படியே விட்டுவைப்பார்கள். இந்த மனுஷன் மட்டும் முதல் மாற்றலிலேயே தஞ்சாவூர் கார்டைச் சரண்டர் செய்தார். "தேசத்துக்கு வேலை பாக்கறவனுக்கு எதுக்குய்யா தனியா ஒரு ஊரு?" என்று கூட வேலை பார்த்த முத்துகிருஷ்ணனைக் கேலி வேறு. அந்த முத்துகிருஷ்ணன் பெண் இப்போது தஞ்சாவூரிலேயே மூன்றாம் வருஷம் டாக்டருக்குப் படிக்கிறாள்.

லேக் மார்க்கெட் பகுதியில் இருந்த வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி வசந்தி ஒரு தாளை நீட்டினாள். முத்துகிருஷ்ணன் அனுப்பியது. இத்தனை வருஷமும் குடும்பம் தஞ்சாவூரில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தது என்று உறுதிமொழி. கையெழுத்துப் போட்டு ஸ்கேன் எடுத்து அனுப்பினால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

"பொய்க் கையெழுத்து," என்றார் ஜம்புநாதன்.

"பொண்ணு வாழ்க்கை," என்றாள் வசந்தி.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சீட்டுல எண்பத்தஞ்சு பங்கு மாநிலத்துக்காம், பதினஞ்சு நாட்டுக்காம். நாடுன்னா மிச்சம் மீதியா? அதிகாரத்தைப் பிச்சுப் பிச்சுக் குடுத்து, ஆளாளுக்கு வேலி போட்டுக்கிட்டாங்க. எல்லாருக்குமா உழைச்சவன் பிள்ளைக்கு எங்கயும் எடமில்ல. அந்த வேலிக்கு நானும் பொய் சொல்லிப் பணியணுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தொல்லையே அதுதான்.

"நாட்டோட அப்புறமா சண்டை போடுங்கப்பா," என்றாள் சாதனா. "இப்ப எனக்கு ஒரு கையெழுத்து குடுங்க."

பேனாவை எடுத்தார். வைத்தார். மறுநாள் காலையிலும் எடுத்தார். முப்பது வருஷமாகப் பொய்யாக ஒரு புள்ளிகூட வைக்காத கை, பாழாய்ப் போன கை, நகரவில்லை. வசந்தி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஐந்து மணி தாண்டியது. சாதனா அழுவாள், கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ சிநேகிதி பூர்ணிமாவுக்குப் போன் போட்டாள். பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி, பிசிறில்லாத வங்காளத்தில், அப்பா சம்மதிக்கவில்லை, உங்கள் காலேஜில் பி.எஸ்சி. ஃபார்முக்கு என்றைக்குக் கடைசி நாள் என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பில் நிரப்பவும் ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் அன்றுவரை அவரைக் கேட்காமல் அவள் ஒரு ஃபார்ம்கூட நிரப்பியதில்லை.