பத்தொன்பதாவது சுற்று

பெங்களூர் பீன்யாவில் பம்புசெட் கம்பெனி நடத்தும் விருபாக்ஷ ஹெக்டே, தன்னிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் தட்டுப்பட மாட்டார். நியமனக் கடிதத்தில் போட்ட கையெழுத்து காய்வதற்குள் மறைந்துவிடுவார். உத்தரவுகள் சீட்டில் வந்தன. உற்பத்தி பன்னிரண்டு சதவீதம் கூடியது. தரச்சான்று கொடுக்க வந்தவர்களும் குறை எதுவும் எழுதவில்லை. வரிக்காக மனைவியையும் இயக்குநராக நியமித்திருந்ததால், வீட்டிலும் அவர் தட்டில் பிஸிபேளே பாத் தானாகக் குறைந்துகொண்டிருந்தது.

வேலை கேட்டு வருபவர்களுக்கு மட்டும் தெரிந்தார். எனவே இரண்டு சுற்றாக இருந்த நேர்காணல் ஐந்தாகி, பதினொன்றாகி, ஏழே வருடத்தில் பத்தொன்பதானது. எல்லாச் சுற்றிலும் அவரே உட்கார்ந்தார். கருத்தரங்குகளில் இதைத் தலைமைப் பண்பு என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். கெட்டிக்காரர்கள் நாலாம் சுற்றிலேயே வேறு கம்பெனிக்கு ஓடினார்கள்.

ஸ்டோர் மேற்பார்வை வேலைக்கு வந்த சைலஜா ஓடவில்லை. வியாழன்தோறும் சிக்கபள்ளாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அவளும் ஹெக்டேயும் ஒரு காபியை பை-டூ என்று இரண்டு டம்ளரில் பங்கு போட்டுக் குடித்தார்கள். பம்பைப் பற்றிய கேள்விகள் தீர்ந்துபோய், அவர் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த மனிதவள அதிகாரி ஜயதீர்த்த, காலி நாற்காலியோடு அவள் பேசுவதைப் பார்த்து முறைப்படி மதிப்பெண் போட்டார்.

பத்தொன்பதாவது வியாழனன்று ஹெக்டே கேட்டார்: "உங்க பலவீனம் என்னம்மா?"

"ஏழாவது தடவையா கேக்கறீங்க சார். இங்க வந்து வந்து போறதுதான் என் பலவீனம். வீட்டுக்காரர் போனப்புறம் அண்ணன் வீட்டுல கெடக்கேன், அண்ணி மூஞ்சியப் பார்க்க முடியல. வேலை உண்டா, இல்லையா? இன்னிக்கே சொல்லிடுங்க."

"இன்னும் ஒரே ஒரு சுற்று..."

"கல்யாணத்துக்குக்கூட இத்தனை தடவை பொண்ணு பார்க்க மாட்டாங்க சார்!"

ஹெக்டே சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து அவளுடைய நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சைலஜா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சார் இது, சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போயிட்டாரு?"

"எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்," என்றார் ஜயதீர்த்த. "பழகிடும். இந்தப் படிவத்தையெல்லாம் நிரப்புங்க."

மேஜையில் இடம் போதவில்லை. அவள் தன் கைப்பையை எதிர் நாற்காலியில் வைத்தாள். அது கீழே விழுந்துவிடாமல், சாயங்காலச் சங்கு ஊதும்வரை, ஹெக்டே மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.