அந்தோனியாரின் காலடியில் வைத்த மனு

இத்தாலி தன் ராஜாவை வாக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய நாள் ஜூன் இரண்டு. அன்று எல்லாருக்கும் விடுமுறை. பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில் என் அறையில் பதினொரு பேர் கூடி, எங்கள் ராஜாவை அனுப்பத் தீர்மானித்ததும் அன்றுதான். ‘குடியரசுக் குழு’ என்று பெயர் வைத்தவன் நான், றொஜர். வியா மக்வேதாத் தெருவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். வாய் மட்டும் பாராளுமன்றம் வரை நீளம்.

எங்கள் ராஜா மூப்பர் எமிலியானுஸ். மன்னாரில் கோயில் மூப்பராக இருந்தவரின் மகன். பலெர்மோத் தமிழ்ச் சபைக்கும் முப்பது வருடமாக அவரே மூப்பர். தேர்தல் என்ற பேச்சே இல்லை. இந்த அந்தோனியார் திருநாளில் மகன் ஸ்ரான்லியை அடுத்த மூப்பராக்கப் போகிறார் என்று கதை. யார் வாய் திறப்பது? வீட்டு வேலைக்கு ஆள் தேடும் இத்தாலியச் சீமாட்டிகளான சிஞ்ஞோராமார் அவரைத்தான் விசாரிப்பார்கள். அவர் முகம் சுளித்தால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸோவும் போகும்.

மூப்பரைத் தேர்தல் வைத்துத் தெரியவேண்டும் என்று பங்குத் தந்தைக்கு ஒரு மனு எழுதினேன். மரியமலர் அதில் கையெழுத்து வைக்கத் தயங்கினாள். ஓர் இத்தாலியக் கிழவியின் வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்.

“அண்ணா, இந்த மாசக் கடைசியிலை பெர்மெஸோ புதுப்பிக்கோணும். வேலை இல்லையெண்டால் தரமாட்டாங்கள்.”

“பங்குத் தந்தையிட்டைக் குடுக்கும் வரை ஒருத்தரும் பாக்கமாட்டினம், தங்கச்சி. நான் பொறுப்பு.”

என்னை நம்பிக் கையெழுத்து வைத்தாள்.

அடுத்துச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் சனம் எந்த மனுவையும் அந்தோனியாரின் காலடியில் வைத்து, ஒன்பது நாள் செபித்த பிறகுதான் கொடுக்கும். விசாவானாலும் அப்படித்தான், கடவுச்சீட்டானாலும் அப்படித்தான். எங்கள் மனுவையும் உறையில் போட்டுச் சுருபத்தின் காலடியில் வைத்தேன். பதினொரு பேரும் முழங்காலில் நின்று, மூப்பரை இறக்கித் தாரும் என்று மன்றாடினோம். சுருபம் நிற்கும் கண்ணாடிக் கூட்டைத் தினமும் திறந்து பூட்டுகிறவர் அதே மூப்பர் என்பது பதினொரு மண்டையில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும். நாங்கள் செபத்தால் கெட்டோம்.

ஐந்தாம் நாள் கிழவியின் மகள் மரியமலரை நிறுத்திவிட்டாள். எமிலியானோ உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லவில்லை என்றாளாம். மற்றப் பத்துப் பேரையும் மூப்பர் தொடவில்லை. ஒருத்தி போதும் என்று அவருக்குத் தெரியும்.

கபோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற மூப்பரைப் பிடித்தேன்.

“வா தம்பி. உங்கடை மனுவை வாசிச்சனான். நல்ல தமிழ்.”

“ஐயா, அந்தப் பிள்ளை பாவம். எழுதினது நான்.”

“தேர்தல்தானே கேட்டனீங்கள்? வைப்பம். திருநாள் பூசை முடிய, கை தூக்கித் தெரிவு. நீங்கள் பதினொரு பேரும் ஸ்ரான்லிக்கு முதலிலை தூக்குங்கோ. பிறகு நான் சிஞ்ஞோராவோடை கதைக்கிறன்.”

மீன்காரன் மீதியை நீட்டினான். மூப்பர் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

பதின்மூன்றாம் தேதி, திருநாளன்று, கோயில் நிறைந்திருந்தது. பூசை முடிந்ததும், ஸ்ரான்லியை விரும்புகிறவர்களைக் கை தூக்கச் சொன்னார் மூப்பர். மரியமலர் தலையைக் குனிந்தபடியே தூக்கினாள். நானும் தூக்கினேன். அவளுக்காகத் தூக்குகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் உணவக வேலையும் மூப்பர் பிடித்துத் தந்ததுதான். எங்களைப் பார்த்துக் கோயில் முழுக்கக் கைகள் எழுந்தன. “ஏகமனதாக” என்று மூப்பர் அறிவித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

மறுநாள் மரியமலருடன் கிழவியின் வீட்டுக்குப் போனேன். ஏப்ரன் கட்டிய வேறொரு பெண் கதவைத் திறந்தாள். உள்ளே கிழவி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படிக்கட்டில் நின்றே மூப்பருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“கதைக்கிறன் எண்டனான், கதைச்சனான். அவை போன கிழமையே வேறை ஆள் எடுத்திட்டினமாம். நான் என்ன செய்யிறது?”

நான் சொல்லாமலே மரியமலருக்கு விளங்கியது. அழவில்லை.

“நான் வயித்துக்காகத் தூக்கினன், அண்ணா,” என்றாள். “நீங்களாவது தூக்காமல் இருந்திருக்கலாம்.”