சர்க்கரை உருகாத ஓவன்

தன் அப்பாவின் பிறந்தநாளுக்குக் கீழ்த்தளத்து நாத்தனார் சுட்ட கேக் மேலே கரி, நடுவே களி. தப்பு தன் கையில் என்று ஒப்புக்கொள்கிற பரம்பரையா அது? அடுக்குமாடிப் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி முழங்கிவிட்டாள்: "அண்ணி எதையோ மறைச்சுட்டுத்தான் குறிப்பு கொடுத்திருக்காங்க!"

மேல்தளத்து அண்ணிக்குச் சுருக்கென்றது. குடியிருப்பே கேக் அக்கா என்று கூப்பிடுகிறவள். ஒரு சிட்டிகை உப்பைக்கூட மறைக்காமல் எழுதிக் கொடுத்தவளுக்கு இந்தப் பெயரா? அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கிண்ணத்தில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக்கொண்டு விடுவிடுவெனக் கீழே இறங்கினாள்.

"காப்பி போடவா வந்தீங்க, அண்ணி?"

"உன் ஓவன் பொய் சொல்லுதான்னு பார்க்க வந்தேன். நூத்தி எண்பத்தாறு டிகிரிக்குக் கீழ சர்க்கரை உருகாது. முதல்ல நூத்தி எழுபத்தஞ்சுல வை."

வைத்தார்கள். சர்க்கரை அசையவில்லை. இருநூறுக்கு ஏற்றினார்கள். தேன் நிறத்தில் உருகி ஓடியது. ஓவன் அரிச்சந்திரன் பரம்பரை.

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டாள். "என்னுது பாஸ். உங்களுது?"

"வா, பார்த்துடலாம்."

மேலே போனபோது பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஊசி இரவல் கேட்டு வந்தாளாம். தையல்காரிக்கு ஊசிப் பஞ்சம்! எதிர்வீட்டு வாத்தியார் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

கேக் அக்கா இருநூறில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்தாள். நேரம் போனது. சர்க்கரை வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது.

"சர்க்கரைக்குக் குளிருதாம் அண்ணி, போர்வை கொண்டு வரட்டுமா?"

கேக் அக்கா சூட்டுக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். இருநூற்றுப் பத்தைத் தாண்டிய பிறகுதான் உருகத் தொடங்கியது. அவளுக்கு விளங்கிவிட்டது. குமிழ் இருநூறு என்று காட்டும்போது உள்ளே சூடு நூற்று எழுபத்தைந்துதான். அந்த இருநூறைத்தான் நம்பி எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வேறு யாராவது என்றால் சர்க்கரையில் ஈரம் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவள் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் எதையும் மறைக்கல. ஆனா சூடு தப்பு. பொய் சொன்னது என் ஓவன். நீ நூத்தி எழுபத்தஞ்சுல வைச்சிருந்தா கருகியிருக்காது."

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா பெருமூச்சு விட்டாள். "அப்பாடா! என் கைதான் ராசியில்லைன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் கருகிப் போச்சே!"

"எங்க வீட்டிலயும்தான்," என்றார் வாத்தியார். "பூனை மோந்து பார்த்துட்டு வெளிய போயிடுச்சு."

கேக் அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப என்கிட்ட பஞ்சு மாதிரி வந்துச்சுன்னு சொன்னது?"

வாத்தியாருக்குத் திடீரென்று கூரை அழகாகத் தெரிந்தது. தையல்காரம்மா ஊசியையே மறந்துபோனாள்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தக் கட்டடத்துலயே உங்ககிட்ட உண்மையைச் சொன்னது நான் ஒருத்திதான் அண்ணி!"

"உண்மையா? மறைச்சுட்டாங்கன்னு படிக்கட்டு அதிரக் கத்தினியே, அது?"

"பாதி உண்மைன்னு வச்சுக்கோங்க. கேக் கருகினது நிஜம்தானே?"

"சரி, வாயாடி. பிளக்கைப் பிடுங்கு. அந்த டிராயர்ல ஸ்குரூ டிரைவர் இருக்கு, எடு."

குமிழைக் கழற்றி, அதன் பின்பக்கத் தட்டின் திருகாணிகளைத் தளர்த்தி, தட்டை ஒரு நூல் நகர்த்தி மறுபடி இறுக்கினாள். இந்த முறை நூற்று எழுபத்தைந்தில் சர்க்கரை சும்மா இருந்தது, இருநூறில் உருகியது.

"ஆச்சு. மாவைக் கலக்கு. மாமாவுக்கு இன்னொரு கேக்."

"இங்கேயா, கீழேயா?"

"ரெண்டுலயும்," என்றாள் கேக் அக்கா. "வாத்தியார் சார், எங்க நழுவறீங்க? ரெண்டையும் தின்னு பார்த்துட்டு நிஜத்தைச் சொல்லிட்டுப் போங்க."